புறங்கையால் வைத்த எண்ணெய்

"அய்யய்யோ, அண்ணி! இன்னா பண்ணிக்கினு இருக்க நீ?"

மல்லிகா போட்ட கூச்சலில் என் கையிலிருந்த கிண்ணம் ஆடி, பாதி எண்ணெய் புடவையில் கொட்டிவிட்டது. இவள் எப்போது உள்ளே வந்தாள் என்றே தெரியவில்லை. கதவைச் சாத்தினேனே தவிர, தாழ்ப்பாள் போட மறந்துவிட்டேன்.

அப்போது மணி காலை பதினொன்று இருக்கும். வெளியே கள்ளக்குறிச்சி வெயில் மண்டையைப் பிளக்கிறது. நாங்களோ ஜன்னலைச் சாத்தி, டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு முன்னறையில் இருந்தோம். பொண்டாட்டி கையால் ஷேவ் பண்ணிக்கொள்வதை ஒரு ஈ, காக்கா பார்க்கக் கூடாது என்பது என் வீட்டுக்காரர் போட்ட கண்டிஷன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றித் துண்டு. நான் வலது கையைத் திருப்பி, புறங்கையால் அவர் கன்னத்தில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

நான் செய்த குற்றம் அதுதான்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாவு வீட்டில் எடுப்பதற்கு முன்னால் பிணத்தைக் குளிப்பாட்டுவார்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து எண்ணெயும் சீயக்காயும் தலையில் தொட்டு வைப்பார்கள். உள்ளங்கையால் வைக்க மாட்டார்கள். கையைத் திருப்பிப் புறங்கையால்தான் வைப்பார்கள். உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு யாரும் அப்படி வைப்பதில்லை.

மல்லிகா இவருடைய கூடப்பிறந்த தங்கை. நாலு தெரு தள்ளி இருக்கிறாள். அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். "உசுரோட இருக்கிற மனுஷனுக்குப் புறங்கையால எண்ண வெக்கிறியே, உனுக்கு இன்னா கேடு?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் அவளைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தேன். அவர் குனிந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை அவரும் அதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. பிறகு மெதுவாகத் துண்டை இழுத்து, முகத்திலிருந்த எண்ணெயை இடது கையால் துடைத்துக்கொண்டார்.

முகம் என்றால் அவருக்கு உயிர்

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் வீடு திரும்பப் பத்து நாள், பதினைந்து நாள் ஆகும். சாப்பாடு முன்னே பின்னே இருக்கும், குளியல் தள்ளிப்போகும், ஆனால் ஷேவிங் மட்டும் தவறாது. மீசையை விட்டுவிட்டு மீதியெல்லாம் மழமழவென்று இருக்க வேண்டும்.

உளுந்தூர்பேட்டையில் ரோட்டோரம் லாரியைப் போட்டுவிட்டு, முகத்தை மழித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். "வூட்டுக்குப் போறப்போ திருடன் மாதிரியா போறது?" என்பார். நான் கிண்டல் பண்ணுவேன். "யாரு உங்களப் பாக்கக் காத்துக்கினு இருக்காங்க?" என்று கேட்பேன். அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே சிரிப்பார். ஆளைப் பார்த்தால் மேடையில் உட்காரப் போகிற மாப்பிள்ளை மாதிரி இருக்கும். உள்ளுக்குள் எனக்கும் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

பெண் பார்க்க வந்தபோதுகூட அவர் முகத்தில் ஒரு முடி கிடையாது. எங்கள் அக்கா என் காதில், "மூஞ்ச பாத்தா பால்காரன் கறந்து வெச்ச மாதிரி இருக்குடி" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கியிருக்காது.

அப்படிப்பட்ட மனுஷனுக்குப் போன வருஷம் ஒரு நாள் காலையில், டீ டம்ளரைப் பிடித்திருந்த கை அப்படியே தளர்ந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரி, ஸ்கேன், அது இது என்று ஓடியதை இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். திரும்ப எழுதத் தெம்பில்லை. வலது கை, வலது கால், முகத்தில் வலது பாதி எல்லாம் செயல் இழந்துவிட்டன. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. தடி ஊன்றி நடக்கிறார். கையும் முகமும் திரும்பவில்லை. பேச்சு வருகிறது. ஆனால் ஒவ்வொரு வார்த்தையாக, தேடி எடுத்துப் பேசுகிற மாதிரி வரும்.

சேகர் பயந்த கதை

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாவது வாரம், தெருமுனை சலூன் சேகரை வீட்டுக்கு வரச் சொன்னேன். பல வருஷமாக இவருக்கு முடி வெட்டுகிற ஆள். தங்கமான கை.

அவன் மேல் தப்பில்லை. இவருடைய வலது கன்னம் தொய்ந்து கிடந்தது. தோலை இழுத்துப் பிடித்தாலும் நழுவியது. தாடைக்குக் கீழே லேசாக ஒரு கீறல் விழுந்தது. சாதாரண ஆளாக இருந்தால் படிகாரக் கல்லைத் தேய்த்ததும் நின்றிருக்கும். இவருக்கோ ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். அந்தச் சின்னக் கீறலிலிருந்து மத்தியானம் வரைக்கும் ரத்தம் வந்துகொண்டே இருந்தது. சட்டை நனைந்தது, துண்டு நனைந்தது. இதில் கொடுமை என்னவென்றால் இவருக்கு அது தெரியவே இல்லை. அந்தப் பக்கம் உணர்ச்சி கிடையாது. "இன்னா... ஈரம்?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

சேகருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, கோச்சுக்காத. அண்ணன் மூஞ்சில இனிமே என் கத்தி படாது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் தாடி. முதலில் நரை முள்ளாக வந்தது. அப்புறம் காடாக வளர்ந்தது. வலது பக்கம் வாயிலிருந்து வழிகிற எச்சில் அதில் சிக்கிக்கொள்ளும். சாப்பிட்டால் சோறு ஒட்டிக்கொள்ளும். நான் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை துடைப்பேன். என் பெண் தேவி, சென்னையில் வேலை பார்க்கிறவள், ஒரு மிஷின் வாங்கிவந்தாள். டாக்டரம்மாவும் மிஷின்தான் நல்லது என்றார். அதில் தாடி குட்டையானதே தவிர ஒட்ட வரவில்லை. இடது கையால் தடவிப் பார்த்துவிட்டு, "ஆட்டுக்கு... போடு" என்று மிஷினைத் தள்ளிவிட்டார்.

அதன்பின் வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டார். லாரிக்காரக் கூட்டாளிகள் வந்தால் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். எட்டு மாதம் இப்படியே போயிற்று.

அந்த நேரத்தில் தேவிக்கு இடம் அமைந்தது. ரிஷிவந்தியம் பக்கம். நல்ல குடும்பம். நிச்சயத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. சபையில் பெண்ணின் அப்பா உட்கார்ந்து வெற்றிலை பாக்குத் தட்டு மாற்ற வேண்டும். இவர் சொன்னார்: "தம்பி... உக்காரட்டும். நா... உள்ள... இருக்கேன்."

தேவி என்னிடம் வந்து அழுதாள். "சித்தப்பா மாத்துனா அப்பா இல்லாத பொண்ணு மாதிரி இருக்கும்மா. எனுக்கு அப்பாதான் உக்காரணும்" என்றாள். எனக்கும் அதுதான். வேறென்ன இருக்கிறது எனக்கு? இந்த மனுஷன் சபையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முகம் மழித்தாக வேண்டும், கீறல் விழாமல்.

டாக்டரம்மாவைத் திரும்பப் போய்க் கேட்டேன். பிளேடுதான் வேண்டும் என்றால் முடியை நன்றாக ஊறவைத்து, அவசரப்படாமல், பழகின கையால் செய்யுங்கள் என்றார். பழகின கைக்கு நான் எங்கே போவேன்? சேகர் வர மாட்டான். நான்தான் மிச்சம்.

வெள்ளிமலையில் ஒரு தாய்

இங்கே ஒரு பழைய கதைக்குப் போய்விட்டு வருகிறேன்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் அங்கன்வாடி வேலை பார்த்த காலத்தைப் பற்றி முன்பே நிறைய எழுதியாகிவிட்டது. சாமை விதைக்கிற காலம் வந்தால் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு அம்மாக்கள் கொல்லைக்காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அதில் ஒருத்தி, சின்னப்பொண்ணு என்று பெயர். அவள் குழந்தைக்கு மண்டையெல்லாம் பொருக்கு. அதற்கு மொட்டை போட வேண்டும். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டிருந்தாள்.

மொட்டைக்கு முதல் நாளே அவள் குழந்தையின் தலையில் விளக்கெண்ணெயைத் தொட்டுத் தொட்டுத் தடவிக்கொண்டிருந்தாள். நான் ரொம்பத் தெரிந்தவள் மாதிரி, "இன்னாத்துக்கு எண்ண? தண்ணி போட்டா போதாதா?" என்று கேட்டேன்.

"தண்ணி மயிர ஊற வெக்கும் டீச்சர். எண்ண தோலுக்கு" என்றாள். "கத்தி வழுக்கிக்கினு போவும். புள்ளைக்கு எரியாது."

அன்றைக்கு அதைக் காதில் வாங்கினேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை. இருபது வருஷம் கழித்து, இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது அது எங்கிருந்தோ வந்தது. மனசு எதை எங்கே சேர்த்து வைக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

நான் ஷேவிங் கற்றுக்கொண்டது

தேவி போனில் வீடியோ போட்டுக் காண்பித்தாள். ஷேவிங்குக்கு முன்னால் தடவுவதற்கென்றே எண்ணெய் விற்கிறார்களாம், கிரீமும் விற்கிறார்களாம். எனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. ஆம்பளைகள் சோப்பைப் போட்டு நுரை கட்டி இழுக்கிறார்கள், வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு சின்ன பாட்டிலை கூரியரில் அனுப்பினாள். இவர் மோந்து பார்த்துவிட்டு, "மூட்டு வலி... தைலம்" என்று அதைத் திருப்பிக் கொடுத்தார்.

சரி என்று வீட்டிலேயே கலந்தேன். விளக்கெண்ணெய் கொஞ்சம், தேங்காயெண்ணெய் ஜாஸ்தி. முதலில் அளவு தெரியாமல் விளக்கெண்ணெயை ஜாஸ்தி ஊற்றிவிட்டேன். நல்லவேளை, அவர் முகத்தில் இல்லை. என் கையில்தான் பழகினேன். ஆமாம், என் இடது முன்கையில். எண்ணெய் போட்டு, கிரீம் போட்டு, ரேசரை வைத்தேன். நுரை வரவில்லை, பிளேடில் எண்ணெய் அப்பிக்கொண்டு முடியோடு சேர்ந்து பசை மாதிரி அடைத்துக்கொண்டது. பலம் போட்டு இழுத்தேன். கீறிக்கொண்டேன்.

ஒரு வாரம் இதே வேலை. காலையில் சமையல், அவரைக் குளிப்பாட்டுதல், மாத்திரை, துணி, மத்தியானச் சாப்பாடு, அவர் கண் அசந்ததும் உட்கார்ந்து என் கையை நானே மழிப்பது. அசதி என்றால் அப்படி ஒரு அசதி. ரேசரைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிழுந்த நாளும் உண்டு. பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள், "இன்னாக்கா, ஒரு கை மட்டும் மொழுமொழுன்னு இருக்கு?" என்று கேட்டாள். "வேப்பெண்ண பட்டு முடி கொட்டிப்போச்சு" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

ஆனால் கற்றுக்கொண்டேன். நாலு சொட்டுக்கு மேல் எண்ணெய் கூடாது. வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் போட்டு வைத்து, ஈரம் காயும் முன்னால் எண்ணெயைத் தடவ வேண்டும். தடவியதும் அவசரப்படக் கூடாது. ஒரு டீ குடிக்கிற நேரம் விட வேண்டும். அதன்மேல் கிரீமைப் பிரஷால் சுழற்றிப் போட்டால் நுரையும் வரும், அடியில் எண்ணெயும் நிற்கும். முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே இழுக்க வேண்டும். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை பிளேடைக் கழுவ வேண்டும். அழுத்தவே கூடாது.

நிச்சயத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, கதவைச் சாத்திக்கொண்டு முதல் தடவையாக அவர் முகத்தில் கை வைத்தேன்.

என் கை

உள்ளங்கையில் எண்ணெய் எடுத்து முதலில் இடது கன்னத்தில்தான் தடவினேன். உணர்ச்சி இருக்கிற பக்கம். தொட்டதுமே முகத்தைச் சுளித்தார். "சொர... சொரங்குது" என்றார்.

என் உள்ளங்கையைப் பார்த்தேன். முப்பது வருஷம் அங்கன்வாடி அண்டாவைத் தேய்த்த கை. மலைக் குளிரில் வெடித்து, சோப்புத் தூளில் ஊறி, இந்த எட்டு மாதமாக பினாயிலும் டெட்டாலும் பட்டு, தோல் உரிந்து வெடிப்பு வெடிப்பாகக் கிடக்கிறது. பட்டுப் புடவை கட்டினால் நூல் மாட்டிக்கொண்டு இழுக்கும். அந்தக் கையால் கன்னத்தைத் தேய்த்தால் யாருக்குத்தான் சுகமாக இருக்கும்?

புறங்கை அப்படி இல்லை. பரவாயில்லாமல் இருந்தது. அதனால் கையைத் திருப்பிக்கொண்டேன். சத்தியமாக வேறு நினைப்பே இல்லை. அவருக்கு உறுத்தக் கூடாது என்பது மட்டும்தான் மனசில் இருந்தது. அவரும் கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் மல்லிகா கதவைத் தள்ளினாள்.

அவள் கத்தி முடித்து, ஒரு கைப்பிடி உப்பும் மிளகாயும் எடுத்து வந்து அண்ணனுக்குச் சுற்றிப் போட்டு, அழுதுகொண்டே போய்விட்டாள். இவர் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"நா... இன்னும்... சாவல" என்றார்.

"அய்யோ, உங்களுக்கு உறுத்துதுன்னுதாங்க..." என்று ஆரம்பித்தேன்.

"எல்லாரும்... ரெடியா... இருக்கீங்க."

அடுத்த நாளும் கிண்ணத்தோடு போனேன். வாயை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிட்டார். அதற்கடுத்த நாளும் அப்படியே. சபையைப் பற்றிக் கேட்டால், "தம்பி" என்று ஒரே வார்த்தைதான்.

நாலாவது நாள் எனக்குப் பொறுக்கவில்லை. கோபக்காரிதான் நான், ஒத்துக்கொள்கிறேன். எண்ணெய்க் கிண்ணத்தை டேபிள்மேல் டொக்கென்று வைத்தேன்.

"எட்டு மாசமா இந்தக் கைதான உங்களக் குளிப்பாட்டுச்சு? இந்தக் கைதான பீத்துணி அலசுச்சு? ஒரு வாய்ச் சோறு நான் சூடா துன்னு எத்தினி நாளாச்சு தெரியுமா? அந்தக் கையெல்லாம் உங்க கண்ணுக்குத் தெரியல. திருப்பி வெச்ச கை மட்டும் தெரிஞ்சிடுச்சா? நானும் மனுஷிதாங்க. எனுக்கு முடியல. முடியலைங்க."

நான் சமையற்கட்டில் போய் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துப் பார்த்தால் உலையில் அரிசி போடாமலே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அரிசியைக் களைந்து போட்டேன். வேறென்ன செய்வது? பசிக்குமே.

அதற்குமேல் நானும் கேட்கவில்லை. கொழுந்தனுக்குப் போன் பண்ணி, "நீங்கதான் உக்காரணும், வேட்டி சட்ட எடுத்துக்கினு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டேன். தேவியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளாகவே புரிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை

நிச்சயத்தன்று விடிந்ததிலிருந்து வீட்டில் ஆள் நடமாட்டம். வாசலில் சாமியானா போட்டாயிற்று. மாப்பிள்ளை வீட்டு வேன் பத்து மணிக்கு வரும் என்று தகவல். நான் பாத்திரக் குவியலில் கையை விட்டுக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அவர் குரல்.

"சாந்தி."

பாத்ரூமுக்குத்தான் என்று நினைத்து ஈரக்கையோடு ஓடினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துண்டைத் தானாகவே கழுத்தில் போட்டிருந்தார், கோணல்மாணலாக. எண்ணெய்க் கிண்ணம் மடியில்.

"கை" என்றார்.

நீட்டினேன். என் கையை முந்தானையாலேயே துடைத்துவிட்டு, இடது கையால் பிடித்துத் திருப்பினார். உள்ளங்கை மேலே வந்தது. அதில் எண்ணெயை ஊற்றினார். வேட்டியில் பாதி சிந்தியது. பிறகு கட்டைவிரலால் வெடிப்பு வெடிப்பாக, ஒவ்வொன்றாகத் தேய்த்தார். எரிந்தது. நான் கையை இழுக்கவில்லை.

"ரொம்ப... வெடிச்சி... கீது" என்றார். அவ்வளவு பக்கத்தில் என் கையை அவர் பார்த்ததே அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

வெடிப்பெல்லாம் எண்ணெய் குடித்துக் கை கொஞ்சம் மெத்தென்று ஆனதும், அதை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "இப்ப வை."

உள்ளங்கையால் வைத்தேன். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அழுதால் கை ஆடும்.

கத்தரிக்கோலால் தாடியைக் குட்டையாக்கினேன். வெந்நீர்த் துண்டு போட்டேன். நாலு சொட்டு எண்ணெய். ஒரு டீ நேரம் பொறுத்தேன். வெளியே தேவியின் சித்தப்பா, "அண்ணி, நேரமாவுது" என்று கத்திக்கொண்டே இருந்தார். ஆகட்டும் என்று இருந்தேன். கிரீமைக் குழைத்துப் பூசினேன். ரேசரை எடுத்தேன்.

வலது பக்கம் முதலில். தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு, காதுக்குக் கீழேயிருந்து சின்னச் சின்ன இழுப்பு. அவருக்கு வலி தெரியாது. அதனால் அவர் முகத்தைப் பார்த்துப் புண்ணியமில்லை, தோலைத்தான் பார்க்க வேண்டும். கன்னம், தாடை, மோவாய். சேகர் கீறின இடத்துக்கு வந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டேன். பிளேடு வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

இடது பக்கமும் முடியப் போகிற சமயம். மோவாய்க்குப் பக்கத்தில் நாலு முடிதான் பாக்கி. கதவு திறந்தது. தேவி. மாம்பழக் கலர் பட்டுப் புடவை, தலை நிறையப் பூ.

"அப்பா!"

அவர் சட்டென்று திரும்பிவிட்டார். நான் ரேசரை எடுப்பதற்குள் திரும்பிவிட்டார்.

கீறிவிட்டது. வெள்ளை நுரையில் சிவப்பு இறங்கியது. தேவி வாயைப் பொத்திக்கொண்டாள். படிகாரத்தை வைத்தேன், நிற்கவில்லை. பஞ்சை வைத்து அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். அவரோ அதைச் சட்டையே பண்ணவில்லை. பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் வேன் சத்தம் கேட்டது.

"நீங்க இருங்க. தம்பியே உக்காரட்டும்" என்றேன். பஞ்சை எடுத்தால் ரத்தம் வருகிறது.

"ஒட்டு" என்றார்.

"இன்னாத்த ஒட்றது?"

"பஞ்ச... ஒட்டு. சட்ட... எடு."

புதுப் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினேன். நல்ல பெரிய பிளாஸ்திரி. மழித்த முகத்தில் அது பளிச்சென்று தெரிந்தது. வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். தடியை எடுத்துக்கொண்டு எட்டு மாதத்துக்குப் பிறகு வாசல் கதவைத் தாண்டினார். சாமியானாவுக்குள் இருந்த பேச்செல்லாம் நின்றது. கொழுந்தன் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார்.

மாப்பிள்ளையின் அப்பா நல்ல மாதிரி. அமைதியாக இருக்கிற சபையைக் கலகலப்பாக்க நினைத்திருப்பார். "இன்னா சம்பந்தி, தாடையில பிளாஸ்திரி? சலூன்காரன் அவசரத்துல கீறிட்டானா?" என்று கேட்டார்.

மல்லிகா முந்திக்கொண்டாள். "ஆமாங்க, எங்க தெருமுன சலூன்ல ஒருத்தன்..."

இவர் இடது கையைத் தூக்கினார். மல்லிகா நிறுத்திவிட்டாள். வார்த்தையைத் தேடினார். அந்த நேரம் எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஐம்பது பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சலூன்... இல்ல" என்றார். "எம் பொண்டாட்டி."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"இனிமே... தெனமும்... அவதான்."

தினமுமா என்று எனக்குப் பகீரென்றது. சமையல், பினாயில், மாத்திரை எல்லாவற்றோடும் இதுவுமா என்று நினைத்துக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெற்றிலைத் தட்டு வந்தது. தூக்க முடியாத அவர் வலது கையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, தட்டை இரண்டு பேருமாகப் பிடித்து நீட்டினோம்.